புனித போலிக்கார்ப்பின் வாழ்வை முறையாகப் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

இரண்டாம் நூற்றாண்டில் சிமிர்னா நகரின் ஆயராக இருந்து மறைசாட்சியான போலிக்கார்ப்பின் பெயரைக் கேட்டதும் நம்மில் பெரும்பாலோருக்குத் தீதான் நினைவுக்கு வரும். முதிய ஆயர், விறகு அடுக்கு, எரியாமல் நின்ற உடல். மறையுரையிலும் மறைக்கல்வி வகுப்பிலும் அந்த ஒரு மதியம்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. நானும் பல ஆண்டுகள் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். அவரே எழுதிய கடிதத்தை முதன்முதலாக முழுதும் படித்த பிறகுதான், கதையைக் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கிக்கொண்டிருந்தேன் என்பது உறைத்தது. அவரை அறிந்தவர்கள் எந்த வரிசையில் அவரைச் சந்தித்தார்களோ அதே வரிசையில் நீங்களும் சந்திப்பதற்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம்.

முதல் படி: கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

தொடக்கத் திருச்சபையின் ஆயர்களில் பலருக்குப் பெயர் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. போலிக்கார்ப்பைப் பொறுத்தவரை நாம் கொடுத்துவைத்தவர்கள். அவருக்கு எழுதப்பட்ட கடிதம் ஒன்று, அவரே எழுதிய கடிதம் ஒன்று, சிறுவனாக அவரைப் பார்த்தவரின் நினைவுகள், அவரது சாவைப் பற்றி அவருடைய சபையே எழுதிய கடிதம் ஒன்று என நான்கு வகைச் சான்றுகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்தாலும் சிறு புத்தக அளவுதான் வரும்.

பெயரைத் தேடும்போது பொலிகார்ப், போலிகார்ப்பு, பொலிக்கார்ப்பு என்று எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள். கத்தோலிக்க நூல்களில் 'ஆயர்', 'மறைசாட்சி' என்று இருக்கும். சீர்திருத்த சபை நூல்களில் 'பேராயர்', 'இரத்தசாட்சி' என்று இருக்கும். ஆள் ஒருவரே.

ஒன்றை இப்போதே ஒதுக்கி வையுங்கள். கீழ்த்திசையிலிருந்து வந்த அடிமைச் சிறுவனாக அவரைக் காட்டி, கல்லிஸ்தோ என்ற செல்வப் பெண் விலைக்கு வாங்கி வளர்த்ததாகச் சொல்லும் 'வாழ்க்கை வரலாறு' ஒன்று உண்டு. அவர் இறந்து நெடுங்காலம் கழித்து எழுந்த நூல் அது. இயேசுவின் சீடர் யோவானோடு அவருக்கிருந்த தொடர்பைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. கதையாகப் படிக்கலாம், சான்றாக எடுக்க வேண்டாம்.

இரண்டாம் படி: சிமிர்னாவில் காலூன்றுங்கள்

இன்று துருக்கியில் இஸ்மிர் என்று வழங்கும் துறைமுக நகரம்தான் சிமிர்னா. வேதாகமத்தை எடுத்துத் திருவெளிப்பாடு 2ஆம் அதிகாரத்தில் 8 முதல் 11 வரை உள்ள வசனங்களைப் படியுங்கள். ஏழு சபைகளுக்கு எழுதியவற்றில் சிமிர்னாவுக்கு எழுதியது மிகச் சிறியது, அதில் கண்டனம் ஒன்றும் இல்லை. "மரணபரியந்தம் உண்மையாயிரு, அப்பொழுது ஜீவகிரீடத்தை உனக்குத் தருவேன்" என்ற வாக்கு இந்த ஊர்ச் சபைக்குச் சொன்னது. போலிக்கார்ப் சிறுவனாகவோ இளைஞனாகவோ இருந்த காலத்தில் இந்தச் சொற்கள் அந்த ஊரில் வாசிக்கப்பட்டிருக்கும்.

இன்னொன்றையும் மனத்தில் இருத்துங்கள். சிமிர்னா ரோமுக்கு மிக விசுவாசமான நகரம். கி.மு. 195இலேயே ரோமாபுரியைத் தெய்வமாக்கிக் கோயில் கட்டிய ஊர். கி.பி. 26இல் திபேரியு பேரரசருக்குக் கோயில் எழுப்பும் உரிமைக்காக ஆசியாவின் நகரங்கள் போட்டியிட்டபோது வென்றதும் இதுதான். "சீசரே ஆண்டவர்" என்று சொல்வது அங்கே மத விஷயம் மட்டுமல்ல, ஊர்ப் பெருமையும்கூட. அதை மறுத்த கிழவர் ஏன் ஊருக்கே எதிரியாகத் தெரிந்தார் என்பது இதை வைத்துத்தான் புரியும்.

மூன்றாம் படி: இஞ்ஞாசியார் எழுதிய கடிதம்

அந்தியோக்கு ஆயர் இஞ்ஞாசியார் சங்கிலியோடு ரோமுக்குக் கொண்டுசெல்லப்படும் வழியில் சிமிர்னாவில் தங்கினார். பேரரசர் டிராயன் காலம் (98–117) என்பது மரபுக் கணக்கு. துரோவா துறைமுகத்துக்குப் போன பிறகு அங்கிருந்து போலிக்கார்ப்புக்கு ஒரு கடிதம் எழுதினார். எட்டே சிறு அதிகாரங்கள். இந்த நான்கில் முதலில் படிக்க வேண்டியது இதுதான். சாகப் போகிற மூத்தவர் ஒருவர் தம்மைவிட இளைய ஆயருக்குச் சொல்லும் அறிவுரை. போலிக்கார்ப்புக்கு அப்போது நாற்பது வயதை ஒட்டி இருந்திருக்கும்.

பென்சிலால் கோடிட்டுக்கொண்டே படியுங்கள். நல்ல சீடர்களை மட்டும் நேசித்தால் உனக்கு என்ன நன்மை, தொல்லை தருகிறவர்களைச் சாந்தத்தால் வழிக்குக் கொண்டுவா என்கிறார். எல்லாக் காயத்துக்கும் ஒரே மருந்து ஆகாது என்கிறார். கைம்பெண்களை மறந்துவிடாதே, ஆண்டவருக்கு அடுத்தபடி அவர்களுக்கு நீதான் காப்பாளன். அடிமைகளை இகழாதே. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் தேடு. சம்மட்டி அடி படும் அடைகல்லைப் போல உறுதியாய் நில்.

அடைகல் உவமையை எல்லா மறையுரையாளர்களும் எடுத்துக்கொள்கிறார்கள். 'பெயர் சொல்லித் தேடு' என்பதை யாரும் எடுப்பதில்லை. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

ஆறாம் அதிகாரத்தில் கடிதம் சட்டென்று 'நீ' என்பதிலிருந்து 'நீங்கள்' என்று மாறுவதைக் கவனியுங்கள். ஆயருக்கு எழுதியதைச் சபை முழுதும் கேட்கும் என்று இஞ்ஞாசியாருக்குத் தெரியும். முடிவில் வாழ்த்துப் பெறுகிறவர்களில் ஆல்கே என்ற பெண் ஒருவர். 'எனக்கு அருமையான பெயர்' என்று அவரைக் குறிப்பிடுகிறார். அந்தப் பெயரை ஓரத்தில் குறித்து வையுங்கள், பிறகு தேவைப்படும்.

நான்காம் படி: அவரே எழுதிய கடிதம்

இதற்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். பிலிப்பி சபை கேட்டுக்கொண்டதால் போலிக்கார்ப் எழுதியது, பதினான்கு அதிகாரம். கிரேக்கப் பிரதிகள் 9ஆம் அதிகாரத்தில் வாக்கியத்தின் நடுவிலேயே அறுந்துபோகின்றன. மீதியை இலத்தீன் மொழிபெயர்ப்பு காப்பாற்றித் தந்திருக்கிறது. 13ஆம் அதிகாரத்தின் பெரும்பகுதியைக் கிரேக்கத்தில் நான்காம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யூசேபியு தம் திருச்சபை வரலாற்றில் எடுத்தாண்டிருக்கிறார்.

முதல் வரியிலேயே நில்லுங்கள். "போலிக்கார்ப்பும் அவரோடுள்ள மூப்பர்களும்" என்று தொடங்குகிறார். ஆயர் என்ற பட்டத்தைப் போட்டுக்கொள்ளவில்லை. பவுலின் ஞானத்துக்கு நானோ என்னைப் போன்ற ஒருவனோ ஈடாக முடியாது, நீங்கள் கேட்டதால்தான் எழுதுகிறேன் என்கிறார். பிறகு வரிக்கு வரி திருத்தூதர்களின் சொற்களைக் கோத்துக்கொண்டே போகிறார். புதிதாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் கிடைக்கும். கேட்டதைச் சிதையாமல் அடுத்தவர் கையில் கொடுப்பதே தம் வேலை என்று நினைத்தவர் அவர்.

6ஆம் அதிகாரத்தில் மூப்பர்களுக்குச் சொல்வதை இஞ்ஞாசியாரின் அறிவுரைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரக்கமுள்ளவர்களாக இருங்கள், வழி தவறினவர்களைத் திருப்பிக் கொண்டுவாருங்கள், நோயாளிகள் எல்லாரையும் போய்ப் பாருங்கள், கைம்பெண்ணையும் அனாதையையும் ஏழையையும் விட்டுவிடாதீர்கள், தீர்ப்பில் கடுமை வேண்டாம், நாம் எல்லாரும் பாவத்துக்குக் கடன்பட்டவர்கள்.

இப்போது 11ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். என்னைப் பொறுத்தவரை போலிக்கார்ப்பின் வாழ்வுக்கு இதுதான் சாவி. பிலிப்பியில் வாலென்ஸ் என்று ஒரு மூப்பர். பண விஷயத்தில் அவரும் அவர் மனைவியும் தவறிவிட்டார்கள். என்ன செய்தார்கள் என்று கடிதம் விவரிக்கவில்லை. பேராசையை விட்டு விலகுங்கள் என்ற எச்சரிக்கை முன்னும் பின்னும் வருவதால் நமக்குப் புரிகிறது. பண விஷயத்தில் தவறிய ஒருவரைப் பற்றி அடுத்த ஊர் ஆயர் என்ன எழுதுவார்? போலிக்கார்ப் எழுதுகிறார்: வாலென்ஸுக்காக மிகவும் வருந்துகிறேன். அவர்களுக்கு ஆண்டவர் உண்மையான மனமாற்றத்தைத் தருவாராக. நீங்களும் இதில் நிதானமாக இருங்கள். அவர்களைப் பகைவர்களாக எண்ணாதீர்கள். நோயுற்று வழி தவறிய உறுப்புகளாகத் திருப்பி அழையுங்கள், அப்போதுதான் உங்கள் உடல் முழுவதும் நலமடையும்.

எல்லாக் காயத்துக்கும் ஒரே மருந்து ஆகாது என்று இஞ்ஞாசியார் சொன்னது இங்கே நடைமுறைக்கு வந்திருக்கிறது. பங்குக் கணக்கில் குழப்பம் வந்து ஊரே இரண்டுபட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்போது இந்த அதிகாரம் எங்களில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லையே என்ற வருத்தம் இன்றும் எனக்கு உண்டு.

13ஆம் அதிகாரத்தில் இன்னொரு பெரிய செய்தி. இஞ்ஞாசியாரின் கடிதங்களைப் பிலிப்பியார் கேட்டிருக்கிறார்கள். எங்களிடம் இருப்பவை எல்லாவற்றையும் இத்துடன் அனுப்பியிருக்கிறோம் என்கிறார் போலிக்கார்ப். நாம் அறிந்தவரை அந்தக் கடிதங்களின் முதல் தொகுப்பு இதுதான். இதே இடத்தில் ஒரு முடிச்சும் இருக்கிறது. 9இல் இஞ்ஞாசியார் இறந்துவிட்டதாகப் பேசுகிறார், 13இல் அவரைப் பற்றிய உறுதியான செய்தி தெரிந்தால் சொல்லுங்கள் என்கிறார். இவை இரண்டு கடிதங்கள் ஒன்றாகத் தைக்கப்பட்டவை என்று ஹாரிசன் என்ற ஆய்வாளர் 1936இல் வாதிட்டார். சபை அவரது மறைசாட்சியத்தை உறுதியாக எதிர்பார்த்திருந்ததால் ஒரே கடிதத்தில் இரண்டும் வரலாம் என்பது என் எண்ணம். நீங்கள் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஐந்தாம் படி: சிறுவன் இரேனியுவின் கண்ணால் பாருங்கள்

பின்னாளில் லியோன் நகரின் ஆயரான இரேனியு, சிறுவனாக இருந்தபோது போலிக்கார்ப் பேசக் கேட்டவர். வழி விலகிப்போன தம் பழைய நண்பர் புளோரினுவுக்கு அவர் எழுதிய கடிதத்தின் ஒரு பகுதியை யூசேபியு காப்பாற்றித் தந்திருக்கிறார். சமீபத்தில் நடந்தவற்றைவிட அந்த நாள்கள் எனக்குத் தெளிவாக நினைவிருக்கின்றன என்கிறார். போலிக்கார்ப் உட்கார்ந்து பேசிய இடம், அவர் வருவதும் போவதும், அவரது தோற்றம், மக்களுக்கு அவர் ஆற்றிய உரைகள், யோவானோடும் ஆண்டவரைக் கண்ட மற்றவர்களோடும் பழகியதை அவர் எடுத்துச் சொன்ன விதம் எல்லாவற்றையும் என்னால் சொல்ல முடியும் என்கிறார். இவற்றை நான் தாளில் அல்ல, நெஞ்சில் எழுதிக்கொண்டேன் என்றும் சொல்கிறார்.

நற்செய்திக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் சங்கிலியில் ஒரு கண்ணியைத் தொட்டுப் பார்ப்பது போன்ற பகுதி இது. இயேசுவைக் கண்டவர் யோவான், யோவானைக் கேட்டவர் போலிக்கார்ப், போலிக்கார்ப்பைக் கேட்டவர் இரேனியு. இரேனியு எழுதியதை நாம் படிக்கிறோம்.

போலிக்கார்ப்பின் கடுமையையும் இரேனியுவே சொல்கிறார். மார்சியோன் என்ற திரிபுப் போதகர் எதிரே வந்து, "என்னைத் தெரிகிறதா?" என்று கேட்டபோது, "தெரிகிறது, சாத்தானின் தலைப்பிள்ளை" என்றாராம். வாலென்ஸிடம் அவ்வளவு மென்மையாக இருந்தவரா இவர் என்று தோன்றும். தவறி விழுந்தவர் வேறு, பிறரை விழச் செய்கிறவர் வேறு என்று அவர் பிரித்துப் பார்த்தார். இந்த இரண்டு முகங்களையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள், ஒன்றுக்காக இன்னொன்றை மறைக்க வேண்டாம்.

ஆறாம் படி: ரோமுக்குப் போன பயணம்

இதைச் சுருக்கமாகப் பார்த்தால் போதும். அனிசேத்து ரோம் ஆயராக இருந்தபோது, எண்பதைக் கடந்த வயதில் போலிக்கார்ப் அங்கே போனார். உயிர்ப்புப் பெருவிழாவான பாஸ்காவை எந்த நாளில் கொண்டாடுவது என்பது பேசப்பட்டவற்றில் ஒன்று. ஆசியாவில் யூத நாள்காட்டியின் நீசான் மாதம் 14ஆம் நாள், அது எந்தக் கிழமையில் வந்தாலும் சரி. ரோமில் ஞாயிறு. யோவானோடு நான் கடைப்பிடித்ததை விட முடியாது என்றார் இவர். எனக்கு முன்னிருந்த மூப்பர்களின் வழக்கத்தை விட முடியாது என்றார் அவர். இருவரும் இணங்கவில்லை. ஆனால் தம் சபையில் நற்கருணைக் கொண்டாட்டத்தை நடத்தும் மரியாதையை அனிசேத்து போலிக்கார்ப்புக்குக் கொடுத்தார், சமாதானமாகப் பிரிந்தார்கள். சுமார் 190இல் ரோம் ஆயர் விக்டர் இதே விஷயத்துக்காக ஆசியச் சபைகளை விலக்க முனைந்தபோது, இரேனியு இந்தச் சம்பவத்தைத்தான் எடுத்துக்காட்டினார்.

ஏழாம் படி: இப்போது அந்த மதியத்துக்கு வாருங்கள்

சிமிர்னா சபை பிலோமேலியும் சபைக்கு எழுதிய கடிதம் இது. புதிய ஏற்பாட்டுக்கு வெளியே நமக்குக் கிடைக்கும் மறைசாட்சிய விவரிப்புகளில் மிகப் பழையது என்று வழக்கமாகச் சொல்வார்கள். ஒரே மூச்சில் படிக்காதீர்கள், மூன்று அமர்வாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் அமர்வு, 1 முதல் 7 வரை. ஜெர்மானிக்கு என்ற இளைஞர் காட்டு விலங்கைத் தம் மேல் இழுத்துக்கொள்கிறார். பிரிகியாவிலிருந்து வந்த குவிந்து தானாகப் போய்ச் சரணடைகிறார், விலங்குகளைக் கண்டதும் அஞ்சிப் பேரரசருக்குப் பலியிட்டுவிடுகிறார். தானாக முன்வருகிறவர்களை நாங்கள் புகழ்வதில்லை, நற்செய்தி அப்படிக் கற்பிக்கவில்லை என்கிறது கடிதம். இதற்குப் பிறகுதான் போலிக்கார்ப் வருகிறார். அவர் சாவைத் தேடி ஓடவில்லை. மற்றவர்கள் வற்புறுத்தியதால் ஒரு பண்ணை வீட்டுக்குப் போகிறார், பிறகு இன்னொன்றுக்கு. தலையணை தீப்பற்றி எரிவதாக ஒரு காட்சி காண்கிறார். பிடிபட்ட அடிமைச் சிறுவர் இருவரில் ஒருவன் சித்திரவதை தாங்காமல் இடத்தைச் சொல்லிவிடுகிறான்.

வெள்ளிக்கிழமை, இரவு உணவு நேரத்தை ஒட்டி, கொள்ளையனைப் பிடிக்க வருவது போல ஆயுதங்களோடு வருகிறார்கள். அவர் மாடி அறையில் இருக்கிறார். தப்பிக்க நேரம் இருந்தும், "கடவுளின் திருவுளப்படி ஆகட்டும்" என்று சொல்லிக் கீழே இறங்கி வருகிறார். வந்தவர்களுக்கு வேண்டிய அளவு சாப்பாடும் குடிக்கவும் கொடுக்கச் சொல்கிறார். செபிக்க ஒரு மணி நேரம் கேட்கிறார். நின்றபடியே இரண்டு மணி நேரம் செபிக்கிறார், தம் வாழ்வில் சந்தித்த சிறியவர் பெரியவர் எல்லாரையும் நினைத்து. இங்கே புத்தகத்தை மூடிவிட்டு இஞ்ஞாசியாரின் வரியைத் திரும்பப் பாருங்கள்: ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் தேடு.

இரண்டாம் அமர்வு, 8 முதல் 12 வரை. ஊர்க் காவல் தலைவர் ஏரோதும் அவர் தந்தை நிக்கேத்தாவும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, "சீசரே ஆண்டவர் என்று சொல்வதில் என்ன கெட்டுப்போகிறது?" என்று கேட்கிறார்கள். இணங்காததால் வண்டியிலிருந்து அவசரமாக இறக்கித் தள்ளியதில் முழங்காலுக்குக் கீழே தோல் உரிகிறது. ஒன்றும் நடக்காதது போல நடந்து போகிறார். அரங்கத்தில் ரோம ஆளுநர், "நாத்திகர்கள் ஒழிக என்று சொல்" என்கிறார். அந்நாளில் சிலைகளை வணங்காத கிறிஸ்தவர்களைத்தான் நாத்திகர்கள் என்றார்கள். போலிக்கார்ப் கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்து, பெருமூச்சுவிட்டு, வானத்தை அண்ணாந்து, "நாத்திகர்கள் ஒழிக" என்கிறார். கிறிஸ்துவைப் பழித்துச் சொல், விட்டுவிடுகிறேன் என்ற பேச்சுக்குத்தான் அந்தப் பதில் வருகிறது: "86 ஆண்டுகள் அவருக்கு ஊழியம் செய்திருக்கிறேன், அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை. என்னை மீட்ட என் அரசரை நான் எப்படிப் பழிப்பேன்?" கைம்பெண்களையும் வாலென்ஸையும் ரோம் பயணத்தையும் கடந்து வந்து இதைக் கேட்கும்போது, அந்த 86 ஆண்டுகளில் என்னென்ன இருந்தன என்று உங்களுக்கே தெரியும்.

மூன்றாம் அமர்வு, 13 முதல் முடிவு வரை. தம் அங்கிகளைக் கழற்றி, இடைக்கச்சையை அவிழ்த்து, காலணியைக் கழற்ற முயல்கிறார். அவருக்கு அது பழக்கமில்லை. அவர் உடலைத் தொடும் ஆசையில் நம்பிக்கையாளர்கள் முந்திக்கொண்டு அதைச் செய்து வந்தார்களாம். ஆணி அடிக்காமல் கட்டி மட்டும் வைக்கிறார்கள். தீ, காற்றில் புடைத்த கப்பல் பாய் போல அவரைச் சுற்றி வளைந்து நின்றது, நடுவில் அவர் சுடப்படும் அப்பம் போல இருந்தார் என்கிறது கடிதம். பிறகு கத்தியால் குத்துகிறார்கள். குத்தியதும் ஒரு புறா வெளிவந்ததாகப் பிரதிகளில் இருக்கிறது. யூசேபியு தரும் வடிவத்தில் புறா இல்லை. வகுப்பில் சொல்லும்போது நான் அதை விட்டுவிடுவேன்.

உடலைக் கிறிஸ்தவர்களிடம் கொடுக்காதீர்கள், சிலுவையில் அறையப்பட்டவரை விட்டுவிட்டு இவரை வணங்கத் தொடங்கிவிடுவார்கள் என்று ஆளுநரிடம் நிக்கேத்தா பேசுகிறார். அவரைக் கடிதம் எப்படி அறிமுகப்படுத்துகிறது தெரியுமா? ஏரோதின் தந்தை, ஆல்கேயின் சகோதரர். இஞ்ஞாசியார் அன்போடு வாழ்த்திய அதே பெயர். ஒரே ஆள்தான் என்றால் தங்கையோ அக்காவோ சபையில், அண்ணனோ தம்பியோ ஆயரின் உடலைத் தர மறுக்கும் பக்கத்தில். துன்புறுத்தல் வெளியிலிருந்து வந்த படையெடுப்பு அல்ல, ஒரே வீட்டுக்குள் ஓடிய விரிசல் என்பது இந்த ஒரு பெயரில் தெரிந்துவிடுகிறது.

நிக்கேத்தாவுக்குச் சபை சொல்லும் பதில் நம் ஊர்களில் இன்றும் நடக்கும் வாதத்துக்கு உதவும். கிறிஸ்துவை இறைமகனாக வணங்குகிறோம், மறைசாட்சிகளை அவருடைய சீடர்களாக நேசிக்கிறோம் என்கிறார்கள். விலையுயர்ந்த கற்களைவிட அருமையான அவரது எலும்புகளைப் பொறுக்கியெடுத்து அடக்கம் செய்து, அவர் மறைசாட்சியான நாளைப் பிறந்த நாளாக ஆண்டுதோறும் கூடிக் கொண்டாட முடிவு செய்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கை. இந்தக் கடிதம் யூதர்களைப் பற்றிக் கடுமையாகப் பேசுகிறது. ஆண்டவரின் பாடுகளோடு ஒவ்வொன்றையும் பொருத்திக் காட்டும் ஆர்வத்தில் எழுதப்பட்டது என்பதை நினைவில் வையுங்கள். அந்த வரிகளை விளக்கமில்லாமல் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

எட்டாம் படி: நாளையும் ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்

கடிதத்தின் பின்னிணைப்பு மார்ச் முதல் நாளுக்கு ஏழு நாள் முந்தையது என்று சொல்கிறது. ரோமர்கள் இரண்டு முனையையும் சேர்த்து எண்ணுவார்கள் என்பதால் பிப்ரவரி 23 வரும். ஆளுநர் பெயர் குவாத்ராத்து. 142இல் ரோமின் உயர் பதவியான கொன்சலாக இருந்தவர் அவர்தான் என்று கொண்டால் 155 அல்லது 156 பொருந்தும். யூசேபியு பத்தாண்டுக்கும் பிந்தைய காலம் சொல்கிறார். பெரும்பாலானோர் முதல் கணக்கையே ஏற்கிறார்கள். அதிலிருந்து 86ஐக் கழித்துத்தான் பிறப்பைச் சுமார் 69 என்கிறோம்.

கத்தோலிக்க நாள்காட்டியில் நெடுங்காலம் சனவரி 26 என்றிருந்த நினைவுநாள், 1969 திருத்தத்துக்குப் பிறகு பிப்ரவரி 23க்கு வந்தது. சில ஆண்டுகளில் அது தவக்காலத்துக்குள் விழுந்து கவனிக்கப்படாமல் போய்விடும், எனவே முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

ஒன்பதாம் படி: பிப்ரவரி 23

நேரமாக எட்டாம் மணி என்று பின்னிணைப்பு சொல்கிறது, நம் கணக்கில் பிற்பகல் இரண்டு மணி அளவில். அந்த நேரத்தில் வீட்டிலோ கோயிலிலோ 14ஆம் அதிகாரத்தை உரக்கப் படியுங்கள். விறகின் மேல் கட்டுண்டு நின்றபடி அவர் சொன்ன செபம் அது. குருக்களின் அன்றாடச் செபமான திருப்புகழ்மாலையில் அன்றைக்கு வாசிக்கும் பகுதியிலும் இது இருக்கிறது. இந்த நாளுக்கும் இந்த நேரத்துக்கும் என்னைத் தகுதியுள்ளவனாக எண்ணினதற்காக உம்மைப் புகழ்கிறேன் என்கிறார். கிறிஸ்துவின் கிண்ணத்தில் பங்கு, ஏற்புடைய பலி என்று பீடத்தின் சொற்கள் ஒவ்வொன்றாக வரும். பல பத்தாண்டுகளாகப் பீடத்தில் நின்று செபித்த வாய்க்கு அந்தச் சொற்கள்தான் வந்திருக்கும். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது, அவசரப்பட வேண்டாம்.

அவர் ஆமென் சொல்லி முடித்த பிறகே ஆட்கள் தீ மூட்டினார்கள் என்கிறது கடிதம். ஆமென் வரை படித்து நிறுத்துங்கள்.